வராத பணத்துக்குப் பிடித்த வரி: வியாசர்பாடி கானா பாடகர் ஒருவரின் ராயல்டி கணக்கு

தொடர்புடைய அனைவரின் சம்மதத்தோடு இதைப் பதிவு செய்கிறேன். பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விலக்கியிருக்கிறேன். ‘உரிமைத்தொகை’ என்றாலே இப்போது வீடுகளில் மகளிர் உரிமைத்தொகையைத்தான் நினைக்கிறார்கள் என்பதால், இக்கட்டுரை முழுவதும் ‘ராயல்டி’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

பின்னணி

பாடகர் வியாசர்பாடியைச் சேர்ந்தவர். பகலில் புளியந்தோப்பில் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்கிறார். பதினான்கு வயதிலிருந்து சாவு வீடுகளில் மரண கானா பாடிவருகிறார். 2021 செப்டம்பரில், அப்போது அவருக்கு 26 வயது, தெரிந்தவர் ஒருவர் மூலமாக வடபழனிப் பக்கத்திலுள்ள ஓர் இசை நிறுவனத்துக்குச் சென்று மூன்று பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். பாடி முடித்த அன்று மாலையே, 100 ரூபாய் முத்திரைத்தாளில் தொடங்கி 11 பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் கையெழுத்திட்டார். நகல் எதுவும் கையில் தரப்படவில்லை. மூன்று பாடல்களுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் என்று பேசியிருந்தார்கள். வங்கிக் கணக்கில் 36,000 வந்தது. குறைந்த 4,000 ரூபாயை அழைத்துச் சென்றவர் கமிஷனாக எடுத்துக்கொண்டார் என்று நம்பி, மூன்று ஆண்டுகள் அந்த மனிதரோடு அவர் பேசாமலே இருந்தார்.

மூன்றில் ஒன்று, அம்மாவைப் பற்றிய பாடல். அது பரவியது. ஆட்டோக்களில் ஒலித்தது, காதுகுத்து மேடைகளில் கேட்டு வாங்கிப் பாட வைத்தார்கள், அவருக்குக் கச்சேரிகள் கூடின. நிறுவனத்திடமிருந்து மட்டும் அதன்பின் ஒரு ரூபாயும் வரவில்லை. கணக்கு என்று ஒரு தாளும் வரவில்லை.

வரிப் படிவத்தில் தெரிந்தது

தண்டையார்பேட்டையில் வருமான வரிப் படிவங்களைத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். 2024 ஜூலையில் பாடகரின் அக்கா அவரை அழைத்துவந்தார். வாகனக் கடன் கேட்ட இடத்தில் வரிக் கணக்கு கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் வந்த காரணம்.

ஒருவர் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதைக் காட்டுவது 26ஏஎஸ் படிவம். அவருடைய பான் எண்ணுக்கான அந்தப் படிவத்தை இறக்கிப் பார்த்தபோது, அந்த நிறுவனத்தின் பெயரில், ராயல்டி போன்ற தொகைகளுக்கான 194ஜே பிரிவின் கீழ், மூன்று நிதியாண்டுகளுக்குப் பதிவுகள் இருந்தன. 2021-22இல் 40,000 ரூபாய், பிடித்த வரி 4,000. 2022-23இல் 70,200 ரூபாய், பிடித்த வரி 7,020. 2023-24இல் 1,13,400 ரூபாய், பிடித்த வரி 11,340. முதல் பதிவைப் படித்துக் காட்டியதும், அந்த 4,000 ரூபாயை யாரும் எடுக்கவில்லை என்பது தெரிந்து பாடகர் தலைகுனிந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். அக்கா கேட்ட கேள்வி வேறு: “வராத துட்டுக்கு எதுக்கு சார் வரி புடிக்கிறாங்க?”

இந்த நிகழ்வு முழுவதற்கும் திறவுகோல் அந்தக் கேள்விதான். ராயல்டியைப் பொறுத்தவரை, பணம் கையில் தரப்படும்போதோ கலைஞரின் கணக்கில் வரவு வைக்கப்படும்போதோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே நிறுவனம் வரியைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும். ஆகவே நிறுவனம் தன் புத்தகத்தில் இவருக்கு இரண்டு ஆண்டுகளில் 1,83,600 ரூபாயை வரவு வைத்திருக்கிறது. வைத்ததை ஏதோ ஒரு பாக்கிக்கு ஈடாகக் கழித்தும் இருக்கிறது. தனக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்பதே பாடகருக்குத் தெரியாது.

அந்த ஜூலை முடிவதற்குள் 2023-24ஆம் ஆண்டுக்கான படிவத்தைத் தாக்கல் செய்தோம். பட்டறைச் சம்பளத்தையும் சேர்த்தால்கூட வரி கட்டவேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாததால், பிடித்த வரி முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டியது. முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கான காலக்கெடு கடந்துவிட்டிருந்தது. அவற்றுக்கு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் 119(2)(ஆ) பிரிவின் கீழ் மனு எழுதினோம். வரி விஷயம் அத்தோடு நின்றது. கணக்கு விஷயம் அங்கே தொடங்கியது.

ஒப்பந்தத்தைப் படித்தபோது

ஒப்பந்த நகலைக் கேட்டு எழுதி, மூன்று வாரங்களுக்குப் பிறகு அதன் ஸ்கேன் பிரதி வந்தது. பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர், என் நெடுநாள் தோழி, கட்டணமின்றி அதை என்னோடு வரிவரியாகப் படித்தார்.

முதல் பக்கத்தில் ‘கலைஞருக்கு 15 சதவீதம்’ என்று இருந்தது. எதில் 15 சதவீதம் என்பது நான்காம் பக்கத்தில் இருந்தது: ‘நிகர வரவில்’. அங்கே நிகர வரவு என்பதற்குத் தரப்பட்ட விளக்கப்படி, பாட்டுக் கேட்கும் இணையத் தளங்களிலிருந்து நிறுவனத்துக்கு வரும் தொகையில் முதலில் 20 சதவீதம் விநியோகச் செலவாகவும், மிச்சத்தில் 10 சதவீதம் சேதக் கழிவாகவும் கழியும். சேதக் கழிவு என்பது அரக்கில் செய்த பழைய இசைத்தட்டுகள் போக்குவரத்தில் உடைந்துபோன காலத்தில் பிறந்த பிரிவு. உடைவதற்கு எதுவுமே இல்லாத இணைய ஒலிபரப்புக்கும் அது வார்த்தை மாறாமல் நகலெடுக்கப்பட்டு வந்திருந்தது. 100 ரூபாய் வந்தால் விநியோகம் போக 80, சேதம் போக 72, அதில் 15 சதவீதம் 10 ரூபாய் 80 காசு. பாடகர் 15 என்று நினைத்துக் கையெழுத்திட்டது உண்மையில் 10.8.

அதுவும் உடனே கைக்கு வராது. முன்பணம் 40,000, ஒலிப்பதிவு 60,000, வீடியோ 2,10,000, விளம்பரம் 90,000, ஆக 4,00,000 ரூபாய் ‘மீட்கத்தக்க செலவு’ என்று பின்னிணைப்பில் இருந்தது. இசைத் துறையில் செலவு மீட்பு என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முதலீடு செய்தவர் அதைத் திரும்ப எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. எதிலிருந்து எடுக்கிறார் என்பதுதான் பார்க்கவேண்டியது. மொத்த வரவிலிருந்து மீட்டால், 4 லட்சம் வந்ததும் கடன் தீர்ந்துவிடும். இந்த ஒப்பந்தத்தில் கலைஞரின் பங்கிலிருந்து மட்டுமே மீட்பு. 10.8 சதவீதம் சேர்ந்து 4 லட்சம் ஆவதற்கு மொத்த வரவு 37 லட்சம் ரூபாயைத் தாண்ட வேண்டும். அதாவது போட்ட பணத்தைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல் நிறுவனம் பெற்ற பிறகுதான் பாடகர் முதல் ரூபாயைப் பார்ப்பார். 26ஏஎஸ் தொகைகளை இந்தச் சதவீதத்தால் பின்னோக்கிக் கணக்கிட்டதில், இரண்டு ஆண்டுகளில் மொத்த வரவு 17 லட்சம் என்று தெரிந்தது. 2024 மார்ச் முடிவில் நிறுவனத்தின் புத்தகப்படி பாடகர் இன்னும் 2,16,400 ரூபாய் கடனாளி.

இந்தக் கணக்கை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டியபோது, ஒரு வியூவுக்கு இவ்வளவு என்று அரசாங்கக் கட்டணம்போல ஏதோ ஒன்று இருக்கிறது, அதை நிறுவனம் எடுத்துக்கொண்டது என்றே பாடகர் அதுவரை எண்ணியிருந்தார் என்பது புரிந்தது. அப்படி நிலையான விலை எதுவும் இல்லை. பாட்டுக் கேட்கும் தளங்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தின் சந்தா, விளம்பர வருவாயில் ஒரு பகுதியை ஒரே குவியலாக்கி, மொத்தக் கேட்புகளில் அந்தந்தப் பாடலின் விகிதப்படி உரிமையாளர்களுக்குப் பிரிக்கின்றன. அந்தப் பணம் முதலில் போய்ச் சேருவது நிறுவனத்துக்கு. கலைஞருக்கு அதில் எவ்வளவு என்பதைத் தளம் தீர்மானிப்பதில்லை; நான்காம் பக்கம்தான் தீர்மானிக்கிறது.

ஒப்பந்தத்தில் பாடகருக்குச் சாதகமானவையும் இருந்தன. ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய தேதிகளிலிருந்து 60 நாட்களுக்குள் கணக்கறிக்கை அனுப்ப நிறுவனம் கடமைப்பட்டிருந்தது. அறிக்கை கிடைத்து ஓராண்டுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அது இறுதியாகிவிடும் என்றும் இருந்தது. ஆனால் அறிக்கையே அனுப்பப்படாததால் அந்த ஓராண்டு தொடங்கவே இல்லை.

ஒரே ஆள், மூன்று உரிமைகள்

ஒப்பந்தம் அவரை முதலிலிருந்து கடைசி வரை ‘பாடகர்’ என்றே அழைத்தது. கானாவில் அந்தச் சொல் போதாது. அவர் பாடுகிறார், சொற்களைக் கட்டுகிறார், மெட்டையும் தானே போடுகிறார். சட்டத்தில் இவை மூன்றும் தனித்தனி உரிமைகள். நான்காவதாக ஒலிப்பதிவு என்ற உரிமை இருக்கிறது. அது முன்கையெடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்த தயாரிப்பாளருடையது, அதாவது நிறுவனத்துடையது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அதில் எங்களுக்கு வாதம் இல்லை.

மெட்டைப் பற்றிய சட்டம் வந்த வழியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஸ்வரம் எழுதத் தெரியாத ஒவ்வொரு கானா பாடகருக்கும் அது உரியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பழைய வாசகத்தின்படி, இசைப் படைப்பு என்பது அச்சிலோ எழுத்திலோ குறியீட்டிலோ பதிந்ததாக இருக்க வேண்டும். 1977இல் இசை உரிமைச் சங்கத்துக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான வழக்கில், நீதிபதி கிருஷ்ண ஐயர் தம் தனிக் குறிப்பில், எழுதிய குறியீட்டுக்கு உரிமை உண்டு, பாடும் குரலுக்கு இல்லை என்ற நிலையைச் சுட்டிக்காட்டி, சட்டம் திருத்தப்பட வேண்டும் என்ற கவலையை வெளியிட்டார். 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டையும் மாற்றியது: குறியீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் மெட்டமைத்தவரே இசையமைப்பாளர் என்றது, பாடுபவருக்கு நிகழ்த்துநர் உரிமை தந்தது. வாயால் போட்டு, டோலக்கில் தட்டிப் பார்த்து, மனதில் வைத்துக்கொண்ட மெட்டு அன்றிலிருந்து சட்டத்தின் முன் முழுமையான இசைப் படைப்பு.

2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது. சொல்லெழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் பதிப்புரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தரலாம். ஆனால் அந்தப் படைப்பின் பயன்பாட்டிலிருந்து வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை மாற்றித் தரவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். அதற்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது அந்த 11 பக்கங்களில் எத்தனை கையெழுத்து இருந்தாலும், சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய சரிபாதி அவரிடமே இருக்கிறது. அதை விளம்பரச் செலவுக்கு ஈடாகக் கழிக்க ஒப்பந்தத்தில் பிரிவும் இல்லை.

அதோடு, சொல், மெட்டு உரிமைகளை மாற்றும் பிரிவில் காலமும் இல்லை, நாடும் இல்லை. அவ்வாறு குறிப்பிடப்படாதபோது காலம் 5 ஆண்டுகள் என்றும், எல்லை இந்தியா என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அந்த அம்மா பாடலைக் கேட்பவர்கள் நிறைய. அங்கே சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை நிறுவனத்துக்குப் போகவே இல்லை என்று வாதிட இடம் இருந்தது.

யார் சொல், யார் மெட்டு

உரிமை கேட்பதற்கு முன் உண்மை எதுவென்று நாங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் கடினமாக இருந்தது இந்தப் பகுதிதான்.

அம்மா பாடலின் சொற்கள் அவருடையவை, மெட்டும் அவருடையது. 2017இல் கன்னிகாபுரத்தில் ஒரு சாவு வீட்டில் அவர் அதே பாடலைப் பாடியதை ஒருவர் கைபேசியில் பிடித்து வைத்திருந்தார். ஆனால் வெளியான பாடலின் விவரத்தில் ‘இசை’ என்று ஸ்டூடியோவில் கீபோர்டு வாசித்தவரின் பெயர் இருந்தது. அவரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். பாட்டின் மெட்டு பாடகருடையது, தொடக்க இசையும் இடையிசையும் தான் போட்டவை என்று அவர் தாமாகவே சொன்னார். ஒரு பாட்டுக்கு 6,000 ரூபாய் கூலி பெற்றதையும், பெயரை நிறுவனமே போட்டதையும் சொன்னார். மெட்டில் முக்கால் பங்கு பாடகருக்கு, கால் பங்கு அவருக்கு என்று முடிவானது.

இரண்டாவது பாடலின் மெட்டு ஒரு பழைய திரைப்பாடலுடையது. கானாவில் இது காலங்காலமாக உள்ள வழக்கம்; மேடையில் யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. பதிவு செய்து விற்கும்போது அது மற்றொருவரின் சொத்து. ‘அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமே’ என்று பாடகரின் நண்பர்கள் கூறினார்கள். நம் பங்கைக் கேட்கும் கடிதத்தில் இன்னொருவரின் பங்கை மறைக்கக்கூடாது என்று நான் கருதினேன், பாடகரும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது பாடலின் பல்லவியும் முதல் இரண்டு சரணங்களும் பட்டாளம் பகுதியில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவர் கட்டியவை. மெட்டும் அவருடையதே. பாடகர் சேர்த்தது கடைசிச் சரணம் மட்டும். வெளியீட்டில் எல்லாம் பாடகர் பெயரிலேயே வந்திருந்தது. எழுதியவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. பெரியவரின் மகள் ஓட்டேரியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். பாடகர் அவர் எதிரே நின்று, “அக்கா, அப்பா பாட்ட நான்தான் பாடி ரெக்கார்டு பண்ணேன், உங்கள கேக்கல” என்றார். அவர் கடையை மூடிய பிறகு வீட்டிலிருந்து, அப்பா எழுதிய 80 பக்க நோட்டை எடுத்துவந்தார். பாடல் அதில் இருந்தது. பென்சிலில், இரண்டு சரணங்களோடு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கோர வேண்டும் என்பது பாடகரின் நண்பர்களின் விருப்பம். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கினார்கள் என்ற கோபம் நியாயமானது. ஆனால் ரத்து கோரினால் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். அதற்குள் பாடல் தளங்களிலிருந்து இறக்கப்பட்டால் அவருடைய கச்சேரி வருமானமும் போகும். வென்றாலும் ஒலிப்பதிவு நிறுவனத்துடையதாகவே இருக்கும். ஆகவே ஒப்பந்தம் இருக்கட்டும், கணக்கு வரட்டும் என்று தீர்மானித்தோம்.

சதவீதத்தை உயர்த்தக் கேட்பதில்லை என்பதும் நாங்கள் எடுத்த முடிவு. 15 என்பதை 20 ஆக்கினாலும், கழிவுகளும் மீட்பும் அப்படியே இருந்தால் கைக்கு ஒன்றும் வராது. கழிவுகளுக்கு ஆதாரம் கேட்போம், சொல்லுக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு கேட்போம் என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, யூடியூப் பற்றியது. 2023இல் ஒரு திருவிழா மேடையில் அம்மா பாடலைப் பாடியதைப் பாடகர் தன் சொந்தச் சேனலில் ஏற்றியிருந்தார். நிறுவனம், பாடல்களை அடையாளம் கண்டு உரிமை கோர உதவும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை மூலம், அதன் விளம்பர வருவாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. தன் பாட்டைத் தான் பாடியதற்கே இப்படியா என்று அவர் மனம் நொந்திருந்தார். உடனே மறுப்புப் பதிவு செய்யத் துடித்தார். வழக்கறிஞர் தடுத்தார். அந்த மேடை வீடியோவில் நிறுவனத்தின் ஒலிப்பதிவு ஒரு நொடிகூட இல்லை. அப்படியிருந்தும் உரிமை கோரியிருக்கிறார்கள் என்றால், கோரியது சொல்லுக்கும் மெட்டுக்கும்தான். யூடியூப் காட்டிய விவரத்திலும் அப்படியே இருந்தது. சரிபாதி பகிரவேண்டிய அந்த உரிமையிலிருந்து நிறுவனம் சம்பாதிக்கிறது என்பதற்கு அவர்களே தந்த எழுத்துச் சான்று அது. அதைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்து, மறுப்பைத் தள்ளிவைத்தோம்.

பேச்சு

2024 அக்டோபரில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். பணம் இவ்வளவு என்று கேட்கவில்லை. ஒப்பந்தப்படி அனுப்பியிருக்க வேண்டிய எல்லாக் கணக்கறிக்கைகளையும், செலவுகளுக்கான ரசீதுகளையும், தளவாரியாகவும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி. வாரியாகவும் வரவையும் கேட்டார். சொல்லிலும் மெட்டிலும் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிய, மூன்று பாடல்களுக்குமான பங்குத் தாள்கள், பாடகர், கீபோர்டுக்காரர், பெரியவரின் மகள் ஆகியோர் கையெழுத்தோடு, இணைக்கப்பட்டன. இரண்டாவது பாடலின் மெட்டைப் பற்றிய உண்மையும் அதில் எழுதப்பட்டிருந்தது. பேச்சு முறிந்தால், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க மனுவும் தயாராக இருந்தது.

நிறுவனத் தரப்பு வழக்கறிஞர் இரண்டு முறை சந்தித்தார். வீடியோவோடு வெளியானதால் பாடல்கள் திரைப்படத்தில் சேர்ந்தவை ஆகும், எனவே திரைப்படம் சாராத ஒலிப்பதிவுக்கான விதி பொருந்தாது என்றார். திரைப்படம் என்றே கொண்டாலும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் அதே சரிபாதி விதி உண்டு, யூடியூப் திரையரங்கு அல்ல என்று எங்கள் வழக்கறிஞர் பதிலளித்தார். அதன்பின் அந்த வாதம் திரும்பி வரவில்லை. பேச்சு நிதானமாகவே நடந்தது. நிறுவனத்தின் கணக்கர் என்னைப்போல் படிவம் நிரப்பிப் பிழைப்பவர்தான், தாள்களைப் புரட்டும்போது பல இடங்களில் நாங்கள் இருவரும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தோம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

2025 பிப்ரவரியில் துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. இம்முறை தமிழ் மொழிபெயர்ப்போடு, ஆளுக்கொரு பிரதி.

விளம்பரச் செலவு 90,000 ரூபாய்க்கு ரசீது இல்லாததால் முழுவதும் நீக்கப்பட்டது. ஒலிப்பதிவுக்கு 52,000க்கே ரசீது இருந்தது. வீடியோச் செலவில் பாதி, 1,05,000 ரூபாய், மட்டுமே பாடகரின் பங்கிலிருந்து மீட்கப்படும் என்று ஒப்புக்கொண்டார்கள். முன்பணத்தோடு சேர்த்து மீட்கத்தக்கது 1,97,000 ஆனது. சேதக் கழிவு தொடக்கத்திலிருந்தே நீக்கப்பட்டதால் அவருடைய பங்கு 10.8இலிருந்து 12 சதவீதமாகி, 17 லட்சத்துக்கு 2,04,000 ரூபாய் வந்தது. 2,16,400 ரூபாய்க் கடன் 7,000 ரூபாய் வரவாக மாறியது. தொகை சிறியது. ஆனால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் அவர் பங்கு கையில் வரும். 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான 3,20,000 ரூபாய் வரவுக்கு 38,400 ரூபாய் கணக்காகி, வரி போக 34,560 அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது.

சொல், மெட்டுக்கான கடந்தகாலப் பங்காக, வரிப்பிடித்தத்துக்கு முன் 90,000 ரூபாய் தர இசைந்தார்கள். அம்மா பாடலுக்கு 75,000, மூன்றாவது பாடலுக்கு 15,000. பங்குத் தாள்களின்படி பாடகருக்கு 68,125, கீபோர்டுக்காரருக்கு 9,375, பெரியவரின் மகளுக்கு 12,500. பாடல் விவரங்களில் பெயர்கள் திருத்தப்பட்டன. மேடையில் பாடுவதைப் பாடகர் தன் சேனலில் ஏற்றினால் உரிமை கோருவதில்லை என்றும் எழுதித் தந்தார்கள்.

இனி வருவதற்காக, பாடகரும் கீபோர்டுக்காரரும் பெரியவரின் மகளும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். மகள் வாரிசு என்ற முறையில். குரலுக்கான ராயல்டிக்காக, பாடகர்களுக்கென 2013இல் பதிவாகி இப்போது இஸாம்ரா என்று அழைக்கப்படும் சங்கத்துக்கும் பாடகர் தனியே விண்ணப்பித்தார். பலர் இவ்விரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். முதலாவது சொல்லுக்கும் மெட்டுக்கும், இரண்டாவது பாடிய குரலுக்கு.

குறுங்காணொளித் தளம் ஒன்று நிறுவனத்தின் எல்லாப் பாடல்களுக்கும் சேர்த்து மொத்தமாகத் தந்த தொகையில் இந்தப் பாடலுக்கு உரிய பங்கு எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பாடல்வாரியாகப் பிரிக்க வழியில்லை என்றார்கள். எங்களால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தப் பாட்டு மிகுதியாகப் புழங்குவது அங்கேதான் என்பதால் இது சிறிய இழப்பல்ல. இரண்டாவது பாடலை நிறுவனமே தளங்களிலிருந்து இறக்கிவிட்டது. உண்மையைச் சொன்னதால் பாடகருக்கு ஒரு பாட்டு போனது. அவர் அதற்கு வருந்தினார், என்னைக் குறை சொல்லவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்டில் வழக்கறிஞரைப் பார்க்கும் முன், ‘ராயல்டி எவ்வளவு நிலுவை உள்ளது’ என்று கேட்டு நானே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘நிலுவை எதுவும் இல்லை’ என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அவர்கள் கணக்கின்படி அது சரியான பதில். என் கேள்விதான் தவறு. கணக்கறிக்கையைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். அதனால் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வீணாயின. கீபோர்டுக்காரரையும் தாமதமாகவே அணுகினோம். தன் பெயரைத் திருட்டுப் பெயர் என்று யாரோ பேசுவதாக அவர் காதுக்கு முன்பே செய்தி போயிருந்தது. அந்தக் காயத்தை ஆற்ற ஒரு மாலை முழுவதும் ஆனது.

ஒலிப்பதிவு நடந்த அன்றே, ஸ்டூடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை பங்கு என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கைபேசி வீடியோவையும் பென்சில் நோட்டையும் தேடி அலைந்திருக்க வேண்டாம். இப்போது அப்படிப்பட்ட தாளைத் தமிழில் அச்சிட்டு என் அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். கச்சேரிக்காரர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள்.

வரிப் படிவத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எங்களுக்குக் கதவைத் திறந்தது 26ஏஎஸ். அப்போது ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டினால் வரி பிடிக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அது 50,000 ஆக உயர்ந்துவிட்டது. அதற்குக் கீழே வரவு வைக்கப்படும் சிறிய கலைஞர்களின் ராயல்டி இனி அந்தப் படிவத்தில் தென்படாமலே போகலாம். எனவே படிவத்தை நம்பிக் காத்திராமல், ஒப்பந்தப்படியான கணக்கறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வரவு பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதிய தாள் வேண்டும்.

இப்போதைய நிலை

2023-24ஆம் ஆண்டின் 11,340 ரூபாய் வரி திரும்ப வந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளுக்கான மனு நிலுவையில் உள்ளது. பெரியவரின் மகளுக்குச் சங்கத்திலிருந்து இன்னும் பணம் வரவில்லை; உறுப்பினர் எண் வந்திருக்கிறது. ஒப்பந்தத்துக்கு அழைத்துச் சென்றவரின் வீட்டுக்குப் பாடகர் நேரில் போய், 4,000 ரூபாயைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார்.

துணை ஒப்பந்தத்தில், சொல், மெட்டு உரிமை மாற்றத்தின் 5 ஆண்டுக் காலம் 2026 செப்டம்பரில் முடிகிறது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதன்பின் அம்மா பாடலின் சொற்களும் மெட்டும் மறுபடி அவருடையவை; அதே நிறுவனத்துக்குப் புதிதாக உரிமம் தருவதா, வேண்டாமா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.